தலையணையில் ஒரு பென்சில் புள்ளி

நான் வேலை பார்க்கும் அரசாங்க ஆஸ்பத்திரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்துக்காரர்கள் அது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்று நினைத்துக்கொள்ளட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையத்தைச் சந்தேகப்படட்டும். ஓய்வுபெற எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரை யாரும் என்னைக் கண்டுபிடிக்காமல் இருந்தால் நல்லது.

நான் ஆண் நர்ஸ். பெண் நர்சுகள் எல்லோரும் சிஸ்டர் என்பதால் நான் பிரதர். இதனால் எனக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமில்லை. வாலிபத்தில், முறைப்பெண்ணான என் அத்தை மகள் கையில் தையல் பிரிக்க வந்தாள். வரிசையில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் "பிரதர், வலிக்காதுல்ல?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது.

இப்போது நான் சொல்ல வந்தது இன்னொரு சிஸ்டரைப் பற்றி. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் போன் போட்டு, "ஏண்ணே, நான் அன்னைக்கு அப்பிடித்தான் சொன்னேங்கிறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்பார். என்னிடம் ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது. ஞாபகத்தை அவர் ஓர் ஆதாரமாக ஏற்றுக்கொண்டதே கிடையாது. தன்னுடைய ஞாபகத்தைக்கூட.

என்னைவிடப் பத்து வயது சின்னவர். தேவதானத்துக்காரர், தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் காக்கி அட்டை போட்ட நோட்டு, நோட்டுக்குள் ஒரு பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார். கேட்டால், "பேனால எழுதுனா, தப்புன்னு தெரிஞ்ச பொறவும் அது அங்கனயே இருக்கும்லண்ணே" என்பார்.

அவருடைய பெருவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைப் பார்த்தாலும் அதை ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கும் விரல் அது. ஆஸ்பத்திரி வாசலில் சப்பட்டை மாம்பழம் விற்கிற அம்மாள் அவரைக் கண்டதும் கூடையைச் சாக்கால் மூடிவிடுவார். டீக்கடையில் உட்கார்ந்தால், "தம்ளர் கழுவுற தண்ணிய எப்ப மாத்துனீக?" என்பது முதல் கேள்வி. "இப்பத்தான் மாத்துனேன்" என்று கடைக்காரர் சொன்னால் வாளிக்குள் எட்டிப் பார்ப்பார். அவரோடு டீ குடிக்கப் போவதையே நாங்கள் நிறுத்திவிட்டோம். உண்மை தெரிந்த பிறகு டீ இறங்குவதில்லை.

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, கோபுரம் தெரிகிற தெருவில் பால்கோவா வாங்க நின்றோம்.

"இன்னைக்குக் கிண்டுனதா?" என்றார் சிஸ்டர்.

"இப்பத்தான் எறக்குனது சிஸ்டர்" என்றார் கடைக்காரர்.

இவர் தட்டின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடே இல்லையே."

"இப்பத்தான்னா, காலைல."

"காலைலன்னே சொல்லியிருக்கலாம்ல. காலைல கிண்டுனதும் நல்லாத்தான இருக்கும்?" என்று சொல்லி ஒரு கிலோ வாங்கினார். கடைக்காரருக்கு, தான் திட்டு வாங்கினோமா, வியாபாரம் நடந்ததா என்று புரியவில்லை. எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் டெல்லியிலிருந்து ஓர் உத்தரவு சென்னை வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. நர்சுகள் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகச் செய்கிறோம் என்பது காரணம் ஆகாது. ஆராய்ந்து பார்த்துச் சரியென்று தெரிந்ததை மட்டும் நாடு முழுக்க எல்லா ஆஸ்பத்திரிகளிலும் செய்ய வேண்டும். இதற்காக ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் சீனியர்கள் எல்லோருக்கும் முழங்கால் வலித்தது. எனக்கு இரண்டு முழங்காலும் வலித்தது. இந்தச் சிஸ்டர் எங்களிடம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மறுத்துப் பேசத் தெரியாத பிள்ளை என்று நினைத்து அனுப்பிவைத்தோம்.

திரும்பி வரும்போது ஒரு தடித்த பைலைக் கொண்டுவந்தார். யாரையும் நம்பாத பார்வை அவருக்கு முன்னாலேயே உண்டு. பைல் வந்த பிறகு அந்தப் பார்வைக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது: வார்டு வார்டாகச் சுற்றிப் பார்ப்பது.

முதல் அடி என் முதுகில்தான் விழுந்தது. அதாவது நான் தேய்த்துவிடும் முதுகுகளில். எலும்பு முறிந்து மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்களுக்குப் படுக்கைப் புண் வரும். அது வராமல் இருக்க, ஸ்பிரிட் ஊற்றி, பவுடர் போட்டு, முதுகை அழுத்தித் தேய்ப்பது எங்கள் வழக்கம். அதில் நான் கைதேர்ந்தவன். என் கை பட்டால் முதுகு வாழைத்தண்டு போல ஆகிவிடும் என்று வெளியூரிலிருந்தெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்குண்ணே இப்பிடித் தேய்க்கோம்?"

"இருபது வருஷமா தேய்க்கேன் சிஸ்டர்."

"எத்தன வருஷம்னு கேக்கலண்ணே. எதுக்குன்னு கேட்டேன்."

ரத்த ஓட்டம் என்றேன். நான் படித்த காலத்தில் எதற்குக் காரணம் கேட்டாலும் ரத்த ஓட்டம் என்று சொன்னால் பாதி மார்க் உண்டு. ஏற்கெனவே நைந்துகொண்டிருக்கும் தோலைத் தேய்த்தால் உள்ளே இன்னும் நையும் என்றும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைச் சாய்த்து எடையை மாற்றினால்தான் புண் வராது என்றும் பைலில் இருப்பதாகச் சொன்னார். ஸ்பிரிட் பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். என் புகழ் அதோடு முடிந்தது.

அவர் பைலை நம்பினார் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் தப்பு. புண் வருவதற்கு முதல் அடையாளம் அந்த இடம் சிவப்பது என்று பைலில் போட்டிருந்தது. இவர் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"அண்ணே, நம்ம ஊரு மேலுல செவப்பு எங்கண்ணே தெரியும்? எல்லாரும் வெயில்ல வெந்தவுக. இத எழுதுனவுக எந்த ஊருத் தோலப் பாத்து எழுதுனாக?"

இதையே ஒரு கடிதமாக மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். அதற்குள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார்: அந்த இடம் கல் மாதிரி இறுகியிருக்கிறதா, மாவு மாதிரி குழைகிறதா. பிறகு புறங்கையை வைத்துப் பார்ப்பார்: பக்கத்துத் தோலைவிடச் சுடுகிறதா. மாம்பழமும் பால்கோவாத் தட்டும் அவருக்குப் பாடப்புத்தகங்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். அந்த நோட்டைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம். எங்கள் நர்சிங் சூப்பிரண்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, அவ எங்களுக்குத் தெரியாம மேல யாருக்கோ எழுதுறா. பாத்து நடந்துக்க" என்று எச்சரித்தார். உடனே, வாட்ஸப்பில் அவரை விட்டுவிட்டு ஒரு தனிக் குழு ஆரம்பித்தோம். அவர் எந்த வார்டில் இருக்கிறார், எதைக் குறித்தார், யாரைப் பார்த்து முறைத்தார் என்று மணிக்கு மணி தகவல் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் நான், "உளவாளி நம்ம வார்டை நோக்கி வருகிறார், உஷார்" என்று அனுப்பினேன். அவரும் இருக்கிற பழைய குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. ஒரு பெருவிரல் படம்.

இனி சார்ட் விஷயத்துக்கு வருகிறேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இரண்டு மணிக்கொருமுறை முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, இடதும் வலதுமாக மாற்றிச் சாய்த்து, அதைச் சார்ட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். எனக்கு எழுதுவது சுலபம், சாய்ப்பதுதான் கஷ்டம். எனவே காலை எட்டு மணிக்கு டூட்டி ஏறியதும், அன்றைக்கு முழுவதும் எல்லோரையும் சாய்த்து முடித்துவிடுவேன். பேனாவால். நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான். மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகிற படிவத்தில், படுக்கைப் புண் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் வருஷக்கணக்காக நாங்கள் போட்டது சைபர்.

ஒருநாள் செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் காலை பதினொரு மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டார். சார்ட்டில் அவரை நான் பன்னிரண்டுக்கு இடது, இரண்டுக்கு வலது, நாலுக்கு மறுபடி இடது என்று சாய்த்திருந்தேன்.

சிஸ்டர் சார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, செட்டியார்பட்டிக்கு எந்த பஸ்ல போய்ட்டு வந்தீக?"

அதன் பிறகுதான் புள்ளிகள் தோன்றின. முதலில் எனக்குத் தெரியவில்லை. ஒரு தலையணை உறையின் மேல் மூலையில் கடுகளவு பென்சில் புள்ளியைப் பார்த்தேன். அடுத்த கட்டிலிலும் அதே இடத்தில் புள்ளி. அவருடைய யோசனை எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. அவர் எங்கள் வார்டுக்கு வருவது பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும். பத்துக்கு இடது பக்கம் இருந்த தலையணை பன்னிரண்டுக்கு வலது பக்கம் போய், இரண்டுக்குத் திரும்பவும் இடது பக்கம் வந்திருக்க வேண்டும். அவர் பார்க்கிற இரண்டு நேரமும் அது இடது பக்கம்தான் இருக்கும். அது போய் வந்ததா, போகவே இல்லையா என்று எப்படித் தெரியும்? புள்ளி சொல்லிவிடும். உருவி எடுத்து மறுபடி சொருகிய தலையணையில் புள்ளி இடம் மாறியிருக்கும். நாலு மணி நேரம் கழித்தும் அச்சு அசலாக அங்கேயே இருந்தால், யாரும் அதைத் தொடவில்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று நான் மனம் திருந்தியிருக்கலாம். ராஜபாளையம் போய் ஒரு ரப்பரும் பென்சிலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சோழபுரம் சுபேதார் வந்து சேர்ந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். தோப்பில் வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆள் தேக்கு மரம் மாதிரி, நிறமும் கனமும் சேர்ந்து. எலும்பு டாக்டர் எங்களுக்கு வாரம் ஒருநாள்தான் வருவார், வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று குறித்துவிட்டுப் போனார்.

சுபேதாரைச் சாய்ப்பது லேசான வேலையில்லை. நான் தொட்டதும், "ஏலே பிரதரு, கைய எடு. நான் பனிமலையில பாற மேல படுத்தவன். இந்த மெத்த என்னைய என்ன செஞ்சிரும்?" என்று சத்தம் போடுவார். வலி அவருக்கு. இடுப்பு வலி எனக்கும் உண்டு, தொப்பை ஒரு பக்கம் இழுப்பதால். இரண்டு வலிக்காரர்களும் சேர்ந்து ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் சத்தம் போட மாட்டார். நான் அவரைச் சாய்க்க மாட்டேன். தலையணையைப் பேருக்கு முதுகோரத்தில் சொருகிவைத்து, ஒரு மணி நாற்பத்தைந்துக்கு ரப்பரால் புள்ளியை அழித்து, எதிர் மூலையில் புதிதாக ஒன்று வைத்துவிடுவேன். அவர் படுத்தபடியே வாசலைக் காவல் காப்பார்.

அவருடைய சம்சாரம் மட்டும் ஒருதடவை கேட்டார். "என்ன தம்பி, தலகாணியில கோலம் போடுதீக?"

"அளவு எடுக்கேன் ஆத்தா" என்றேன்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் சிஸ்டர் வந்து பார்த்தார், புள்ளி இடம் மாறியிருந்தது, நோட்டில் ஏதோ குறித்தார், போய்விட்டார். பரீட்சையில் காப்பி அடித்துப் பாஸான சந்தோஷம் எனக்கு.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வந்தவர் போகவில்லை. சுபேதாரை லேசாகச் சாய்க்கச் சொல்லி, முதுகின் அடிப்பகுதியில், வால் எலும்பு இருக்கிற இடத்தில், பெருவிரலை வைத்தார். எடுத்தார். பக்கத்தில் வைத்தார். திரும்ப அந்த இடத்தில் வைத்தார். பிறகு புறங்கையை வைத்து அப்படியே நின்றார்.

"ஒரு மாத்தமும் இல்லையே சிஸ்டர். கறுத்த மேலு" என்றார் சம்சாரம்.

"ஒங்க கையக் குடுங்கண்ணே" என்றார் என்னிடம். என் பெருவிரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம், பழுக்காத மாங்காய் போல விறைத்துக் கிடந்தது. புறங்கையை வைத்தேன். சுட்டது.

அவர் தலையணையை உருவினார். புள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என் புள்ளி இல்லண்ணே. நான் கடுகு மாதிரி வச்சிருந்தேன். இது மொளகு மாதிரி இருக்கு."

சட்டைப் பையில் எட்டிப் பார்த்த ரப்பரை விரலால் உள்ளே தள்ளினேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுபேதார் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "ஐயா, வெள்ளிக்கிழம டாக்டர் வாராக. இந்த எடத்துல தோலு தெறந்துருச்சுன்னா கத்தி வைக்க மாட்டாக. புண்ணு ஆற மாசக்கணக்கா ஆகும். அம்புட்டு நாளும் மல்லாக்கக் கெடந்தா புண்ணு ஆறாது. ஆறலைன்னா ஆபரேஷன் இல்ல."

சுபேதார் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஏலே பிரதரு," என்றார், குரலில் பட்டாளம் இல்லை. "அப்பொ நான் நடக்க மாட்டனா?"

நான் சார்ட்டை எடுத்தேன். காலை எட்டு மணிக்கே நாலு மணிவரை சாய்த்து முடித்திருந்தேன். அதைக் குறுக்காக அடித்தேன். பேனாவால் எழுதியது, அடித்த பிறகும் அங்கேயேதான் இருந்தது.

அடுத்த மூன்று நாள் நான் வாழ்க்கையில் வேலை பார்த்த நாட்கள். டூட்டி நேரத்தில் இரண்டு மணிக்கொருமுறை நானும் சம்சாரமும் ஆளுக்கு ஒரு பக்கம் நிற்போம். சுபேதாரே பட்டாளத்து இந்தியில் "ஏக், தோ, தீன்" என்று உத்தரவு கொடுப்பார். தீன் என்றதும் தூக்கிச் சாய்ப்போம். டூட்டி முடிந்து போகும்போது அடுத்து வருகிற சிஸ்டர்களின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போனேன். அவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். தனிக் குழுவில், "பிரதரும் அந்தப் பக்கம் போய்விட்டார்" என்று செய்தி போட்டிருந்தார்கள். இந்த முறை சரியான குழுவில்.

புதன்கிழமை அந்த இடம் அப்படியே இருந்தது. வியாழன் மாலை கொஞ்சம் குழைந்த மாதிரி இருந்தது. எனக்கு ஆசையில் அப்படித் தோன்றுகிறதோ என்று சந்தேகம். சந்தேகம் என்பது தொற்றுநோய், அவரிடமிருந்து ஒட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வருவதற்கு முன்னால் சிஸ்டர் வந்தார். தானே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றார். "நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே."

பெருவிரலை வைத்தேன். புறங்கையை வைத்தேன். "பக்கத்துல உள்ள மாதிரியேதான் இருக்கு."

"நெசமா?"

மறுபடி வைத்துப் பார்த்தேன். "நெசமா."

"எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, நோட்டில் என் பெயரையும் அவர் பெயரையும் எழுதினார். பதினொரு மணிக்குச் சுபேதாரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். உள்ளே போகும்போது, "ஏலே, அங்கயும் யாராச்சும் புள்ளி வைக்காம பாத்துக்க" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் மாதக் கடைசி. படிவத்தை நிரப்புகிற முறை எனக்கு. அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு குழு வர இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் கிடைக்கும். சூப்பிரண்டு அம்மாள் அதை மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்துவைத்திருந்தார்.

"ஏம்ப்பா, தோலு கிழியலைல? ஆபரேஷனும் நடந்துருச்சுல? அப்பொ சைபரப் போடு" என்றார்.

சிஸ்டர் அங்கேதான் ஓர் ஓரமாக நின்று எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் படிவத்தை மேஜையில் வைத்து, எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், "நேரத்துக்குச் சாய்க்கவில்லை" என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். என் சர்வீஸில் இவ்வளவு நேர்மையாக எதையும் எழுதியதில்லை. நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்துவிட்டது. சூப்பிரண்டு அம்மாள் வாயைத் திறப்பதற்குள் படிவத்தைச் சிஸ்டரிடம் நீட்டினேன். கண்ணீர் வராவிட்டாலும் ஒரு தலையாட்டலாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "ஒண்ணா?"

"ஒண்ணு."

"படுத்த படுக்கையா வார்டுல ஒம்பது பேரு இருக்காக. மத்த எட்டுப் பேரு முதுக யாரு பாத்தா?"

"நாந்தான் பாத்தேன்."

"கண்ணாலயா, கையாலயாண்ணே?"

அவர் நடந்தார். நானும் பின்னால் போனேன். விரிந்த நெஞ்சு ஒவ்வொரு கட்டிலாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகச் சாய்த்து, முதலில் என் விரல், பிறகு அவர் விரல். ஒருவருக்குக் குதிகாலில். ஒருவருக்குச் சுபேதாருக்கு வந்த அதே இடத்தில். கடைசிக் கட்டில்காரருக்கு இடுப்பின் வலது பக்கம். அவரை நான் தினமும் பார்த்து, பேசி, சிரித்து, நல்லா இருக்கீகளா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அவரும் நல்லாருக்கேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கறுத்த தோலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் வைத்தால் கல்.

திரும்பி வந்து ஒன்றை அடித்து, நாலு என்று எழுதினேன்.

சூப்பிரண்டு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த நாலைப் பார்த்தார். "நாலுங்கிறது என் சர்வீஸ்லயே வராத நம்பரு."

"வந்திருக்கும்மா. எழுதலை" என்றார் சிஸ்டர்.

"நீ மேல எழுதி எங்களக் காட்டிக் குடுக்கத்தான வந்த?"

"நான் மேல எழுதுனது ரெண்டு லெட்டருதாம்மா. கறுத்த தோலுல எதப் பாக்கணும்னு கேட்டு. காப்பி வச்சிருக்கேன், பாக்கீகளா?" பையிலிருந்து காக்கி அட்டை நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் இத்தனை மாதமாகப் பயந்த நோட்டு. "நாம இங்கன சைபரப் போடுவோம். டெல்லில உள்ளவுக நம்ம சைபரயும் மத்தவுக சைபரயும் கூட்டிப் பாத்து, நாடு பூரா யாருக்கும் புண்ணே வரலை, இப்பிடியே செய்யுங்கன்னு உத்தரவு போடுவாக. அது திரும்ப நம்மகிட்டயே பைலா வரும். அதப் படிச்சு நான் இந்த அண்ணனுக்கு என்னத்தச் சொல்ல?"

நோட்டை யாரும் திறக்கவில்லை. நாங்கள் பயந்த குற்றச்சாட்டு அதில் இல்லை என்று பார்க்கவும் ஒரு தைரியம் வேண்டும். சூப்பிரண்டு அம்மாள் நாலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்ட பேனாவை மூடாமலே எழுந்து போனார்.

சான்றிதழ் எங்களுக்கு வரவில்லை. வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒரு வேலையாக அங்கே போனபோது கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு என்னவோ உள்ளே போய் அவர்கள் தலையணைகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எங்கள் சுவரில் ஆணி இன்னும் இருக்கிறது. அதில் இப்போது காலண்டர் மாட்டியிருக்கிறோம்.

சுபேதார் மூன்று மாதம் கழித்து, கைத்தடியோடு நடந்து வந்து வார்டு வாசலில் நின்று, "ஏக், தோ, தீன்" என்றார். எனக்கு அனிச்சையாகக் கை இரண்டும் முன்னால் நீண்டுவிட்டது.

சிஸ்டருக்கு அடுத்த வருஷம் மாற்றல் வந்தது, சென்னைக்கு. தண்டனையா, பதவி உயர்வா என்று ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி. தனிக் குழுவில் அதைப் பற்றி நாலு நாள் விவாதம் நடந்தது. கடைசி நாள் நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியில் சாப்பிட என்று பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பொட்டலத்தின் அடியில் புறங்கையை வைத்தார்.

"காலைல கிண்டுனது சிஸ்டர்" என்றேன், அவர் கேட்பதற்கு முன்னால்.

முதல்முறையாக என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். நம்பியதாலா, பஸ் கிளம்பிவிட்டதாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் மேலிடத்திலிருந்து புதுப் படிவம் வந்தது. நாடு முழுக்க எல்லா ஆஸ்பத்திரிக்கும் அதே படிவம்தானாம். எத்தனை பேர் என்ற பழைய கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. தொட்டுப் பார்த்தது யார்? சூடும் இறுக்கமும் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டதா? சைபர் என்றால், கட்டாயம் இந்தக் கட்டத்தை நிரப்பவும்.

இது அவருடைய வேலைதான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. ஆனால் ஆதாரம் இல்லை. பதில் வராத இரண்டு கடிதங்களும், ஒரு சந்தேகமும் மட்டும்தான் இருக்கின்றன. அவரிடமே போன் போட்டுக் கேட்கலாம். என்ன சொல்வார் என்று தெரியும்.

இந்த மாதம் எண்ணிக்கை இரண்டு. எழுதிவிட்டு, தொட்டுப் பார்த்தது யார் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். கையெழுத்துப் போடப் போனவன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, ஒவ்வொரு கட்டிலாக இன்னொருமுறை பெருவிரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டுதான்.

வருகிற வழியில், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, தலையணைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அவர் இருப்பது சென்னையில். இருந்தாலும் எப்படி நம்புவது?